எருக்குவியலில் நின்ற சாமி

விளைபொருளை ஐரோப்பாவுக்கு அனுப்பும் இயற்கை விவசாயிகளுக்கு ‘டிமீட்டர்’ என்ற பெயர் புதிதல்ல. பயோடைனமிக் என்கிற உயிராற்றல் வேளாண்மையில் விளைந்த பொருளுக்குக் கிடைக்கும் முத்திரை அது. 1924-ல் ருடால்ஃப் ஸ்டெய்னர் விவசாயிகளுக்காக எட்டுச் சொற்பொழிவுகள் நடத்தினார். நம்ம தோட்டத்தில் புதைக்கிற கொம்பு சாண உரத்துக்கு மூலம் அந்தச் சொற்பொழிவுகள்தான். 1928-ல் அந்த முறையில் விளைந்த பொருளுக்கு ஒரு முத்திரைப் பெயர் தேவைப்பட்டபோது, பழைய கிரேக்க தெய்வம் ஒன்றின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். டிமீட்டர் என்றால் தானியத்தைத் தந்த தாய். ரோமானியர்கள் இவளை சீரிஸ் என்றார்கள். இன்று பிள்ளைகள் பாலில் போட்டுச் சாப்பிடும் ‘சீரியல்’ என்ற சொல் அந்தப் பெயரிலிருந்து வந்தது.

இந்தத் தாய்க்கு உரிய ஊர் எலூசிஸ். இன்றைய பெயர் எலெஃப்சினா. ஏதென்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர், கடற்கரையை ஒட்டிய ஊர். கிரேக்கத்துக்குக் குழுவாகப் போயிருந்தபோது, மற்றவர்கள் தீவுகளைப் பார்க்கப் படகு ஏறிய நாளில் நான் எலெஃப்சினா பஸ் ஏறினேன். ஏதென்ஸில் ‘இயெரா ஓடோஸ்’ என்று ஒரு சாலை உண்டு; ‘புனிதப் பாதை’ என்று பொருள். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசி வாக்கில், விதைப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஆயிரக்கணக்கான பேர் இந்த வழியாகத்தான் எலூசிஸுக்கு நடந்து போனார்கள். இன்று அதே சாலையில் பஸ்ஸும் லாரியும் நெரிசலாகப் போகின்றன.

மகளைத் தேடிய தாய்

கோயில் வளாகத்துக்குள் நுழைந்தால் கூரையோடு எதுவும் நிற்கவில்லை. தளக்கல், உடைந்த தூண், சரிந்து கிடக்கும் உத்தரக் கல், அவ்வளவுதான். ஆனால் குனிந்து பார்த்தால் அந்த உத்தரக் கல்லில் கோதுமைக் கட்டு செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் மாட்டுத் தலை. கசகசாச் செடியின் பூ. விவசாயிக்கு இங்கே வழிகாட்டி தேவையில்லை.

பெரிய வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிணறு இன்னும் இருக்கிறது. எலூசிஸ் பெண்கள் முதன்முதலில் இந்த அம்மனைப் பாடி ஆடியது இந்தக் கிணற்றடியில்தான் என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வந்துபோன பவுசானியாஸ் என்ற பயணி எழுதிவைத்திருக்கிறார்.

கதை இதுதான். டிமீட்டரின் மகள் பெர்செஃபோனி பூப்பறித்துக்கொண்டிருக்கும்போது, பாதாள உலகின் அரசன் ஹேடீஸ் தேரில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தாய் கையில் தீப்பந்தத்தோடு ஒன்பது நாள் சோறு தண்ணீர் இல்லாமல் தேடுகிறாள். கடைசியில் கிழவி வேஷத்தில் எலூசிஸ் வந்து கிணற்றடியில் உட்காருகிறாள். ஊர் ராஜாவின் பெண்கள் அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். திராட்சை மது கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். பார்லி மாவைத் தண்ணீரில் கரைத்து, புதினா இனத்து மூலிகை ஒன்றைப் போட்டுத் தரச்சொல்லிக் குடிக்கிறாள். படித்தபோது கம்பங்கூழ்தான் ஞாபகம் வந்தது. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு வந்த பக்தர்கள் விரதம் முடித்ததும் இந்தப் பார்லிக் கரைசலைக் குடித்துத்தான்.

மகள் கிடைக்காத கோபத்தில் டிமீட்டர் விதையை மண்ணுக்குள்ளேயே மறைத்துவைக்கிறாள். மாடு ஏர் இழுக்கிறது, விதை விழுகிறது, ஒன்றும் முளைக்கவில்லை. மனிதர்கள் பட்டினி, படையல் இல்லாமல் தேவர்களும் பட்டினி. வேறு வழியில்லாமல் பெரிய கடவுள் ஜீயஸ் மகளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். அதற்குள் ஹேடீஸ் அவளுக்கு ஒரு மாதுளை மணியைக் கொடுத்துச் சாப்பிடவைத்துவிட்டான். அதனால் அவள் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கடியில் இருக்க வேண்டும், இரண்டு பங்கு தாயோடு இருக்கலாம் என்று தீர்ப்பாகிறது.

மண்ணுக்கடியில் இருக்கும் காலம் பனிக்காலம் என்றுதான் கதைப் புத்தகங்கள் சொல்லும். விவசாயம் தெரிந்த ஆய்வாளர்கள் சிலர் வேறு மாதிரிப் பார்த்தார்கள். கிரேக்கத்தில் மழை பெய்வது குளிர்காலத்தில். அக்டோபர், நவம்பரில் விதைப்பு. மே, ஜூனில் அறுப்பு. அதற்குப்பிறகு நான்கு மாதம் வெயில் கொளுத்தும், வயல் வெறுமையாகக் கிடக்கும். அந்த நான்கு மாதமும் அறுத்த தானியம் எங்கே இருந்தது? மண்ணுக்குள் தோண்டிய தானியக் குழியில். விதைப்புக்கு முன்னால் குழியைத் திறந்து விதையை மேலே எடுப்பதுதான் மகள் திரும்பி வருவது. இது ஒரு விளக்கம்தான், எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை. ஆனாலும் விதையைக் குதிரிலோ பானையிலோ வைத்து அடுத்த பட்டம் வரை காத்திருந்து பழகிய நமக்கு இது சட்டென்று புரிகிறது.

கூடத்தில் காட்டிய ஒற்றைக் கதிர்

வளாகத்தின் நடுவே பெரிய சதுரக் கூடத்தின் தளம் இருக்கிறது. பக்கத்துக்கு 50 மீட்டருக்கும் மேல் நீளம், உள்ளே 42 தூண்கள். சுவரை ஒட்டிப் படிப்படியாக இருக்கைகள். ஒரே நேரத்தில் சுமார் 3,000 பேர் இருக்கலாம். ஆண், பெண், அடிமை என்ற பேதம் இல்லாமல், கிரேக்க மொழி புரிந்த யாரும் இந்தச் சடங்குக்கு வரலாம். கொலை செய்தவர்களுக்கு மட்டும் அனுமதியில்லை. உள்ளே நடந்ததை வெளியே சொன்னால் மரண தண்டனை. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். அதைப் பற்றி எழுதியவர்களில் ஹிப்போலிட்டஸ் என்ற பழைய கிறிஸ்தவ எழுத்தாளரும் ஒருவர். சடங்கின் உச்சத்தில், மௌனமாக, அறுத்த ஒற்றைக் கதிரைக் காட்டினார்கள் என்கிறார் அவர். எதிர்க்கட்சிக்காரர் சொன்னது, முழுசாக நம்ப வேண்டாம் என்பவர்களும் உண்டு. எனக்கு நம்புவதில் கஷ்டம் இல்லை. ஒரு கதிரைக் கையில் வைத்து மௌனமாகப் பார்க்காத விவசாயி யார்?

அந்தக் கூடத்துக்கு மேலே, குன்றின் சரிவில் அருங்காட்சியகம். 1890 வாக்கில் கட்டிய சின்னக் கட்டடம். ஏதென்ஸ் அருங்காட்சியகங்களின் கூட்டம் இங்கே இல்லை, நின்று நிதானமாகப் பார்க்கலாம். சுதைப் பிரதி ஒன்று முதலில் கண்ணில் பட்டது. அதன் மூலச் சிற்பம் 1859-ல் இந்த ஊரில் கிடைத்து, இன்று ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆளைவிட உயரமான பலகைக் கல்லில் இடப்பக்கம் தாய், வலப்பக்கம் மகள், நடுவில் ட்ரிப்டோலெமோஸ் என்ற எலூசிஸ் பையன். தாய் அவன் கையில் கதிரைக் கொடுக்கிறாள். உலகம் முழுக்கப் போய் விவசாயம் சொல்லிக்கொடு என்று அவள் அனுப்பிய ஆள் இவன். விளம்பரம் இல்லாத முதல் விரிவாக்க அலுவலர் என்று சொல்லலாம்! அவன் கொண்டுபோனது விதையும், அதை விதைக்கும் முறையும். விலைக்கு விற்றான் என்று எந்தக் கதையிலும் இல்லை.

கல்லில் வெட்டிய தானியக் கணக்கு

பேங்கில் பயிர்க்கடன் லெட்ஜர் பார்த்துப் பழகிய எனக்கு, எலூசிஸில் கிடைத்த கல்வெட்டுகளில் இரண்டு தனியாக மனதில் நின்றன.

ஒன்று, கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் மக்கள் சபை போட்ட தீர்மானம். எல்லா விவசாயிகளும் முதல் விளைச்சலில் ஒரு பங்கு எலூசிஸ் அம்மனுக்குக் கொடுக்க வேண்டும். பார்லி என்றால் 600-ல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. கோதுமை என்றால் 1,200-ல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. அவர்கள் அளவு மெடிம்னோஸ். ஒரு மெடிம்னோஸ் நம்ம கணக்கில் சுமார் 52 லிட்டர். 100 மெடிம்னோஸ் பார்லி, அதாவது 5,200 லிட்டர் விளைந்த விவசாயி ஒன்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தால் போதும். வரி என்று சொல்ல முடியாது, காணிக்கைதான். அந்தத் தானியத்தைப் போட்டுவைக்க எலூசிஸில் மூன்று தானியக் குழிகள் கட்ட வேண்டும் என்றும் தீர்மானத்தில் இருக்கிறது. ஏதென்ஸின் கூட்டாளி ஊர்களுக்குக் கட்டாயம்; மற்ற கிரேக்க ஊர்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது, அழைப்பு மட்டும் அனுப்பலாம். அந்த வரியைக் கல்லில் வெட்டிவைத்தவர்களை எனக்குப் பிடித்துப்போனது.

இரண்டாவது, சுமார் நூறு வருடம் கழித்து, கி.மு. 329/8-ஆம் வருடத்துக் கோயில் கணக்கு. எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு பார்லி, எவ்வளவு கோதுமை வந்தது என்று வரிசையாகக் கல்லில் பதிவு. மேலே சொன்ன விகிதத்தை வைத்துத் திருப்பிப் பெருக்கினால், ஏதென்ஸைச் சுற்றிய அட்டிக்கா பகுதியின் மொத்த விளைச்சல் தெரிகிறது. அதில் பார்லி, கோதுமையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்!

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். அட்டிக்கா மண் மெலிந்த மண், மழையும் கம்மி. பார்லி அதைத் தாங்கும், கோதுமை தாங்காது. பெரிய நகரமாக வளர்ந்த ஏதென்ஸ் கோதுமை ரொட்டிக்கு ஆசைப்பட்டு, கருங்கடல் பக்கமிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் இறக்கியது. கடல்வழியை எதிரி அடைத்தால் நகரம் பட்டினி. கி.மு. 404-ல் ஸ்பார்டாவிடம் ஏதென்ஸ் சரணடைந்ததற்கு அந்தப் பட்டினி ஒரு முக்கியக் காரணம். அம்மன் கேட்டு வாங்கிக் குடித்ததோ, சொந்த மண்ணில் விளையும் பார்லி. கம்பையும் சோளத்தையும் வரகையும் விட்டு நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

அழுகியதை விதையோடு கலந்த பெண்கள்

டிமீட்டருக்குப் பெண்கள் மட்டும் கொண்டாடிய விழா ஒன்று உண்டு. பெயர் தெஸ்மோஃபோரியா. அக்டோபர் வாக்கில், விதைப்பு நேரத்தில், கிரேக்க நாடெங்கும் நடந்தது. பன்றிக்குட்டிகளைப் பள்ளத்தில் போட்டு அழுகவிடுவார்கள். மூன்று நாள் விரதம் காத்த பெண்கள் அந்தப் பள்ளத்தில் இறங்கி, மக்கிப்போன மிச்சத்தை அள்ளி மேலே கொண்டுவந்து பீடத்தில் வைப்பார்கள். அதைக் கொஞ்சம் எடுத்து விதையோடு கலந்து விதைத்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை.

வெளிப்பார்வைக்கு அருவருப்பான மூடப்பழக்கம். விதைப்புக்கு முந்தின நாள் ராத்திரி சாணமும் மாட்டு மூத்திரமும் சுண்ணாம்பும் ஒரு பிடி வரப்பு மண்ணும் கலந்து பீஜாமிர்தம் போட்டுவைக்கிற நமக்கு அப்படித் தோன்றாது. செத்தது மக்கி, மக்கியது விதைக்கு உணவாகிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து என்ற பெயர்தான் தெரியாது. அதை மறக்காமல் இருக்க வருடத்துக்கு ஒரு தடவை சடங்காகச் செய்தார்கள்.

கழுத்துவரை எரு

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது ஒரு பெண் சிலைக்கு முன்னால். தலையில் வட்டப் பெட்டி சுமக்கும் பெண். இடுப்புக்கு மேலே உள்ள பாகம்தான் மிஞ்சியிருக்கிறது. அதுவே ஆளைவிடப் பெரிசு. தலைப்பெட்டியில் கோதுமைக் கதிரும் பூவும் சடங்குப் பாத்திரமும் செதுக்கியிருக்கிறது. கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பிரபு ஒருவர் கட்டிய உள்வாசலில் தூணுக்குப் பதிலாக இந்த மாதிரி இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி இங்கே இருக்கிறாள். இன்னொருத்தி இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில். அவள் அங்கே போன கதை நம்ம பத்திரிகையில் வர வேண்டிய கதை.

கி.பி. 392-ல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளுக்குத் தடை போட்டார். சில வருடத்தில் கோத் படைகள் வந்து எலூசிஸை நாசம் செய்தன. ஊர் கிறிஸ்தவமானது. கோயில் இடிந்து அதன்மேல் வீடுகள் வந்தன. ஆனால் வாசலில் நின்ற அந்த இன்னொரு கல் பெண்ணை மட்டும் கிராமத்து விவசாயிகள் விடவில்லை. 1801-ல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் வந்தபோது, அவள் கழுத்துவரை எருக்குவியலில் புதைந்து நின்றாள். யாரும் அலட்சியமாகக் குப்பை கொட்டிய இடமில்லை அது. நம்ம வயல் விளைவது இவளால்தான் என்று நம்பி எருவை அவளைச் சுற்றிக் கொட்டிவைத்திருந்தார்கள். விசேஷ நாளில் விளக்கும் ஏற்றினார்கள். கோயில் போய், பூசாரி போய், பெயர்கூட மங்கி 1,400 வருடம் ஆன பிறகும் எருவும் விளைச்சலும் அந்தக் கல்லும் ஒன்று என்பது மட்டும் அவர்களுக்கு மறக்கவில்லை.

அப்போது கிரேக்கம் துருக்கிய ஆட்சியில் இருந்தது. கிளார்க் அதிகாரியிடம் அனுமதி வாங்கிவிட்டார். சிலையைத் தொட்டால் கை விழுந்துவிடும் என்று ஊர் மக்கள் பயந்தார்கள். தூக்குவதற்கு முந்தின சாயங்காலம் நுகத்திலிருந்து அவிழ்த்த ஒரு மாடு ஓடிவந்து சிலையைக் கொம்பால் முட்டி, கத்திக்கொண்டே வயலுக்குள் ஓடியது. ஊரே கெட்ட சகுனம் என்று நின்றுவிட்டது. கடைசியில் ஊர்ப் பாதிரியார் அங்கியோடு வந்து முதல் வெட்டு வெட்டிக் காட்டிய பிறகுதான் வேலை நடந்தது. சிலை ஏறிய கப்பல் உருப்படாது என்றார்கள் கிராமத்தார். 1802-ல் கப்பல் இங்கிலாந்துக் கரை அருகே, பீச்சி ஹெட் என்ற இடத்தில் உடைந்தது! சிலையை மட்டும் மீட்டு கேம்பிரிட்ஜ் கொண்டுபோனார்கள்.

சிலை போகும் முன்னும் பின்னும் இந்த ஊருக்கு வந்த எட்வர்ட் டாட்வெல் என்ற இன்னொரு பயணி, அவள் நின்ற இடம் கதிரடிக்கும் களம் என்று எழுதுகிறார். சிலை போனதிலிருந்து பழைய விளைச்சல் இல்லை என்று விவசாயிகள் அவரிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

சிலைக்காக விளைச்சல் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் களத்து மேட்டில் எருவைக் குவிக்க ஒரு காரணமாக நின்றவள் போய்விட்டால், அந்த இடத்தில் எரு குவிப்பது தொடருமா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேம்பிரிட்ஜில் அவள் சுத்தமாக, பத்திரமாக இருக்கிறாள். டிமீட்டரே அவள்தான் என்று கிளார்க் நினைத்தார்; அம்மனின் பெட்டியைச் சுமக்கும் பெண் என்று இன்றைய ஆய்வாளர்கள் திருத்திவிட்டார்கள். கிராமத்தாருக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.

முதல் வயல் எங்கே?

அருங்காட்சியகத்துக்கு வெளியே வந்தால் கடல் தெரியும், எதிரே சலாமிஸ் தீவு தெரியும். சுற்றிலும் தொழிற்சாலைகள். 1902-ல் சிமெண்ட் ஆலை, பிறகு இரும்பு ஆலை, கப்பல் கட்டும் தளம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று வந்த ஊர் இது.

பழைய கிரேக்கர்கள் உலகத்தில் முதன்முதலாக விதைத்து விளைந்த நிலம் எலூசிஸ் பக்கத்து ராரியா சமவெளி என்று நம்பினார்கள். வருடந்தோறும் அங்கே சடங்காக ஏர் பூட்டினார்கள். படையல் அப்பத்துக்கு அந்த மண்ணில் விளைந்த பார்லிதான். ட்ரிப்டோலெமோஸின் களம் என்று ஒரு களத்தையும் காட்டினார்கள் என்று பவுசானியாஸ் எழுதுகிறார். எலூசிஸைச் சுற்றிய வயல்களில் பெரும்பகுதியை இன்று ஆலையும் கிடங்கும் ரோடும் மூடிவிட்டன.

ஆலை வந்ததால் பிழைத்தவர்களும் உண்டு. 1922-ல் துருக்கியிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த ஊர் ஆலைகள்தான். அதை மறைத்துப் பேசக்கூடாது. ஆனால் கல்லுக்கு அருங்காட்சியகம் கட்ட முடிந்தது; அதே ஊரில் மண்ணுக்குக் கட்ட முடியவில்லை. உடைந்த தூணை 1882-லிருந்து தோண்டி எடுத்து ஒட்டவைக்கிறார்கள். மேல்மண் போனால் ஒட்டவைக்க ஆள் கிடையாது.

குன்றின் மேல் வேகும் தானியம்

கிளம்பும்போது அங்கே வேலை பார்க்கும் ஓர் அம்மா, “என்ன தொழில்?” என்று விசாரித்தார். விவசாயம் என்றேன். உடனே குன்றின் மேல் தெரியும் சின்ன மாதா கோயிலைக் கைகாட்டி, “அப்படியானால் நீங்கள் நவம்பரில் வந்திருக்க வேண்டும்” என்றார்.

அந்த மாதாவுக்கு ‘மெசோஸ்போரிட்டிசா’ என்று பெயர். ‘விதைப்பின் நடுவில் நிற்கும் மாதா’ என்று அர்த்தம். நவம்பர் 20 சாயங்காலம், பாதி வயல் விதைத்து மீதி விதைக்க வேண்டிய நேரத்தில், ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்து ‘பொலிஸ்போரியா’ கொண்டுவருவார்கள். கோதுமை, சோளம், கொண்டைக்கடலை, பயறு, அவரை என்று வீட்டில் உள்ள எல்லாத் தானியத்தையும் சேர்த்து வேகவைத்து, மாதுளை முத்தும் உலர்ந்த திராட்சையும் தூவியது. அதை மாதாவுக்குப் படைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பார்கள். தெய்வத்தின் பெயர் மாறியிருக்கிறது. தானியமும் மாதுளையும் விதைப்புக் காலமும் அப்படியே இருக்கின்றன. வயல் ஆலையான ஊரில் இன்றும் இது நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் வேகவைத்த தானியம் முளைக்காது. சடங்கு மிஞ்சி வயல் போன இடத்தின் கதி அது. நமக்கு இன்னும் வயல் இருக்கிறது. பொலிஸ்போரியாவில் விழுகிற மாதிரியே தானியம், பயறு, எண்ணெய் வித்து எல்லாம் கலந்து பல தானிய விதைப்பு செய்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மெலிந்த மண்ணும் தேறுகிறது என்பதை நம்ம நண்பர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். சிலையைக் கண்ணாடிக்குள் வைத்து 2,000 வருடம் காப்பாற்றலாம். விதையை அப்படிக் காப்பாற்ற முடியாது. வருடம் தவறாமல் மண்ணில் போட்டு எடுத்தால்தான் அது விதை.

ஆடிப்பட்டம் வருகிறது. வீட்டுப் பானையில் பழைய கம்போ, இருங்குச் சோளமோ, நாட்டுத் துவரையோ ஒரு படி இருந்தால் இந்த வருடம் அதைக் கட்டாயம் விதையுங்கள். கால் சென்ட் இடம் போதும். விளைந்ததும் பக்கத்து வீட்டு விவசாயிக்கு ஒரு பிடி கொடுங்கள். எருக்குழி வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால், களத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி மாற்றுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலூசிஸில் அது சாமி நின்ற இடம்.